டாக்டரம்மாவுக்கு ஒரு டிக்கெட்

எங்க பஸ் டிப்போவுல யாரையும் சொந்தப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. அப்பா அம்மா வச்ச பேரு சம்பளச் சீட்டோட சரி. வண்டிய உருட்டிக்கிட்டே போற டிரைவருக்கு ராக்கெட்னு பேரு. வாயைத் தொறந்தா மூடத் தெரியாத மெக்கானிக்குக்கு சைலன்சர்னு பேரு. நான் சங்கத்துல செயலாளரா இருந்தவன். ஓய்வு வாங்கிப் பல காலம் ஆச்சு, இன்னும் என்னைச் செயலாளர்னுதான் கூப்பிடறாங்க. எனக்கு அப்புறம் வந்த செயலாளருக்கு அதுல கொஞ்சம் வருத்தம். இருந்துட்டுப் போகட்டும்.

இது டாக்டரம்மாவோட கதை. முதல்லயே சொல்லிடறேன், அவ டாக்டர் இல்ல. நகராட்சியோட தண்ணி ஆய்வுக்கூடத்துல வேலை பார்க்கறா. ஊர்க் குழாய்ல வர்ற தண்ணியப் பாட்டில்ல பிடிச்சுட்டு வந்து, குடிக்கலாமா கூடாதான்னு சொல்றது அவ வேலை. அவ அசந்தா ஊருக்கே வயித்தால போகும். அப்படிப்பட்ட வேலை. ஆனா இன்னைக்கும் டிப்போ கேட்டுக்குள்ள கால வச்சா "வாங்க டாக்டரம்மா"ன்னுதான் சத்தம் வரும். அந்தப் பேருக்குள்ள ஒரு பொண்ணைப் போட்டுப் பூட்டிட்டாங்க. பாசத்துலதான் பூட்டுனாங்க. பாசத்துல பூட்டுனா பூட்டு இல்லன்னு ஆயிடுமா?

அவ அப்பா டயர் செக்‌ஷன். அம்மா கண்டக்டர். வீடு, டிப்போ சுவத்துக்குள்ளயே இருக்கற குவார்ட்டர்ஸ்ல கீழ்த்தளம். ரெண்டு ரூம். முன் ரூம் ஜன்னலைத் தொறந்தா வண்டிங்க நிக்கற எடம். ரிவர்ஸ் எடுக்கற வண்டியோட முதுகு ஜன்னல் கம்பிய உரசாத குறையா வந்து நிக்கும். அந்த வீட்டுல வெள்ளைத் துணி வெள்ளையாக் காஞ்சதா சரித்திரமே கிடையாது.

பேரு எப்படி வந்துச்சுன்னா, அவ சின்னப் புள்ளையா இருக்கும்போது அப்பாவோட கட்டை விரல் டயர் ரிம்முல மாட்டிக் கிழிஞ்சு போச்சு. ரத்தம் கொட்டுது. அத்தனை ஆம்பளைங்களும் "அய்யோ, துணி எடு, தண்ணி எடு"ன்னு ஒருத்தன் மேல ஒருத்தன் முட்டிக்கிட்டு நிக்கறாங்க. இவ ஜடையில இருந்த ரிப்பனை அவுத்து விரல்ல சுத்தி, "கையைத் தூக்கி வச்சுக்கோப்பா"ன்னு சொன்னா. முதலுதவிப் படம் ஒண்ணு டயர் செக்‌ஷன் சுவத்துல வருஷக்கணக்கா ஒட்டியிருக்கு. அதப் படிச்சது மொத்த டிப்போவுல அவ ஒருத்திதான். அன்னைக்கு சைலன்சர் வச்ச பேரு, டாக்டரம்மா. ஒட்டிக்கிச்சு.

எல்லாரையும் விட அந்தப் பேரை இறுக்கிப் பிடிச்சது அவ அம்மா. அவங்க வண்டி போற வழியில பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. டாக்டர் படிப்பும் அந்த வளாகத்துலதான். ஒவ்வொரு ட்ரிப்லயும் கண்டக்டர் ஸ்டாப் பேரைக் கூவணும் இல்லையா? மத்த ஸ்டாப்பெல்லாம் அந்தம்மா வாயிலருந்து பாதிதான் வெளிய வரும். அதுலயும் ஆஸ்பத்திரிக்கு முந்தின ஸ்டாப் யுனிவர்சிட்டி. அதை ஏதோ கசப்பு மாத்திரைய முழுங்கற மாதிரி சொல்லிட்டு விட்டுடுவாங்க. "ஆஸ்பத்திரீ...!"ன்னு வரும்போது மட்டும் குரல் கோயில் மணி மாதிரி எழும்பும். தூங்கிட்டு இருக்கறவனும் எழுந்து உக்காருவான். தன் பொண்ணு ஒரு நாள் அந்த ஸ்டாப்புல வெள்ளைக் கோட்டோட இறங்கப் போறான்னு அவங்க வண்டிக்கே தெரியும்.

இப்ப பலகைக்கு வரேன். டிப்போ வாசல்ல, டைம்கீப்பர் ரூமுக்கு வெளிய ஒரு கரும்பலகை. சங்கத்தோடது. கூட்டம், சாவு, கல்யாணம் எல்லாம் அதுல வரும். பரீட்சை ரிசல்ட் வர்ற அன்னைக்குத் தொழிலாளிங்க புள்ளைங்க மார்க்கும் வரும். எழுதறது டைம்கீப்பர், ஏன்னா அவர் கையெழுத்துதான் மனுஷன் படிக்கற மாதிரி இருக்கும். ஒரே ஒரு விதி. எதுவா இருந்தாலும் முதல் வண்டி கேட்டைத் தாண்டறதுக்குள்ள எழுதியாகணும். வண்டிங்க கிளம்பிட்டா ஆளுங்க ஊர் பூராவும் சிதறிடுவாங்க. அப்புறம் எழுதறது செவிடன் காதுல சங்கு.

டைம்கீப்பருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வண்டி எப்ப வந்துச்சுன்னு குறிக்கறதுதானே அவர் வேலை? அவரு வண்டி வர வேண்டிய நேரத்தை விடியக்காலையிலயே வரிசையா எழுதி வச்சுடுவாரு. வண்டி நேரத்துக்கு வந்தா அப்படியே விட்டுடுவாரு. தாமதமா வந்தா அதுமேல ஒரு கோடு கிழிச்சு, பக்கத்துல நிஜ நேரத்தைப் போடுவாரு. எல்லா டிப்போவுலயும் டைம்கீப்பருங்க இதைத்தான் பண்ணுவாங்க, கேட்டா இல்லம்பாங்க.

அவ பன்னெண்டாவது ரிசல்ட் வர்ற வியாழக்கிழமை. இருட்டு பிரியறதுக்குள்ள அந்தம்மா டிக்கெட் பையை வாங்க வந்தாங்க. டைம்கீப்பர் கையில சாக்பீஸோட நிக்கறாரு.

"ரிசல்ட் எப்பம்மா?"

"பத்து மணிக்கு. நான் அப்ப மார்க்கெட் கூட்டத்துல நசுங்கிட்டு இருப்பேன். இப்பவே எழுதிடுங்கண்ணே."

"என்னத்தை எழுத?"

"நூத்துக்குத் தொண்ணூத்தாறு. ஸ்கூல்ல வச்ச எல்லாப் பரீட்சையிலயும் அதுக்குக் கீழ வாங்கியிருக்காளா?"

"வரட்டுமேம்மா. சாயந்திரம் போட்டுக்கலாம்."

"சாயந்திரம் போட்டா யாரு படிப்பா? கேட்டுல படுத்திருக்கற நாய் படிக்கும். வண்டி வராத நேரத்தையே எழுதறீங்க, என் பொண்ணு மார்க்கை எழுத மாட்டீங்களா?"

எழுதிட்டாரு. "டாக்டரம்மா - 96. சங்கம் வாழ்த்துது." சங்கத்தைக் கேக்காமலே சங்கம் வாழ்த்திடுச்சு.

வண்டிங்க கிளம்புச்சு. ஒவ்வொரு டிரைவரும் படிச்சுட்டுத்தான் போனான். ஒவ்வொரு கண்டக்டரும் ஏறுன சனத்துக்கெல்லாம் சொன்னான். நாங்க ஒரு காலத்துல வேலை நிறுத்தத்துக்கு நோட்டீஸ் அடிச்சு வீடு வீடாக் குடுத்தோம், பாதி ஊருக்கு விஷயமே போய்ச் சேரல. இது பத்து மணிக்குள்ள மொத்த ஊருக்கும் போயிடுச்சு.

பத்து மணிக்கு அவ டயர் செக்‌ஷன்ல அப்பா பக்கத்துல நின்னு ஃபோனைப் பார்த்தா. அறுபத்தெட்டு.

என்ன ஆச்சுன்னு பிற்பாடு அவளே எங்கிட்ட சொன்னா. இயற்பியல் பரீட்சையில ஒரு கணக்குல மாட்டிக்கிட்டா. விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருக்கணும். தொண்ணூத்தாறு வாங்கறவ ஒரு கணக்கை விட்டுட்டுப் போகலாமான்னு அங்கயே உக்காந்துட்டா. மணி அடிச்சப்ப பாதிப் பேப்பர் வெள்ளையாவே இருந்துச்சு. அந்தப் பயம் அவளோடயே அடுத்தடுத்த பரீட்சைக்கும் வந்து பக்கத்துல உக்காந்துச்சு. வேதியியல் ஒண்ணுதான் தப்பிச்சது, அது முதல்லயே முடிஞ்சு போனதால. வீட்ல கேட்டப்ப "நல்லாத்தான் எழுதியிருக்கேன்"னு சொல்லிட்டா. வேற எதைச் சொல்றது?

அப்பா கையிலிருந்த கிரீஸை வேஸ்ட் துணியில துடைச்சுட்டே நின்னாரு. ரொம்ப நேரம் துடைச்சாரு.

"அம்மாவுக்குச் சொல்லிட்டியா?"

"இல்லப்பா."

"அப்ப எனக்கும் இன்னும் சொல்லலன்னு வச்சுக்கோ."

மோசமான மனுஷன் இல்ல. பொண்டாட்டிக்கு பயந்த மனுஷன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, ஆனா பக்கத்துல நிக்கற புள்ளைக்கு அந்த வித்தியாசத்தால ஒரு பிரயோசனமும் இல்ல.

வெளிய வந்தா பலகை. அப்பதான் அவ அதைப் பார்க்கறா. படிச்சு முடிக்கறதுக்குள்ள சைலன்சர் ஓடி வந்து, "டாக்டரம்மா! நான் வச்ச பேரு! நான் வச்ச பேருடா!"ன்னு ஸ்பானரால தகரத்தைத் தட்டறான். ஷெட்டுல இருந்த அத்தனை பேரும் கை தட்டறாங்க. அவ சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் தப்பாப் போச்சுன்னு இப்பவும் சொல்லுவா. சிரிச்சதும் பூட்டு விழுந்துடுச்சு.

சாயந்திரம் அம்மா வந்தாங்க. பயணிங்க குடுத்த பழமும் இனிப்புப் பொட்டலமும் டிக்கெட் பைக்குள்ள திணிச்சிருக்கு. இவ ஃபோனை நீட்டினா. அம்மா பையைத் தோள்லருந்து இறக்காமலே அப்படியே கட்டில்ல உக்காந்தாங்க.

"இது யாரோடது?"

"என்னோடதும்மா."

"நம்பரைச் சரியாப் போட்டுப் பார்த்தியா?"

"மூணு தடவை பார்த்துட்டேன்."

ஜன்னலுக்கு வெளிய ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்து நின்னுச்சு, ரூம் இருட்டாச்சு. அந்த இருட்டுல அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்துனாங்க.

"யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்."

சமையல் ரூம்ல அப்பா தண்ணி குடிச்சுட்டு இருந்தாரு. அவருக்குப் புரை ஏறுச்சு.

"அப்படியே இருக்கட்டும்"னாங்க அம்மா. "ஒரு வருஷம். வீட்லயே இருந்து படி. நுழைவுத் தேர்வுக்குத் தயார் பண்றான்னு சொல்லிக்கறேன். திரும்ப எழுது. தொண்ணூத்தாறு வாங்கு. பலகை நிஜமாயிடும்."

"யுனிவர்சிட்டியில வேதியியலுக்கு இந்த மார்க்கு போதும்மா. திங்கக்கிழமை கடைசி நாள். நேர்ல போய்க் குடுக்கணும்."

"யுனிவர்சிட்டியா? அது நான் கூவக்கூட கூவாத ஸ்டாப்புடி!"

அத்தோட பேச்சு முடிஞ்சுது.

மறுநாள் ஸ்கூலுக்குப் போய் மார்க் ஷீட் வாங்கணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவ டிப்போவுக்கு வெளிய ரெண்டு ஸ்டாப் தள்ளிப் போய், தெரியாத வண்டியா வரட்டும்னு நின்னா. எங்க ஊர்ல ஏது தெரியாத வண்டி? வந்தது ராக்கெட். கதவைத் தொறந்துட்டு அவனே எழுந்து நின்னு, "எல்லாரும் பாத்துக்கங்க, எங்க டாக்டர்! தொண்ணூத்தாறு!"ன்னான். இவ டிக்கெட்டுக்குக் காசை நீட்டுனா, கண்டக்டர் கையைத் தட்டி விட்டான். "டாக்டருங்ககிட்ட காசு வாங்குனா கை அழுகிடும்"னான். முன் சீட்டுப் பெரியவர் வேட்டியத் தூக்கி முட்டி வீக்கத்தைக் காட்டுறாரு. பின்னாடி ஒரு அம்மா கைக்குழந்தையக் கவுத்து, "இந்தத் தடிப்புக்கு என்ன போடலாம்மா, வாயைத் தொறந்து சொல்லு"ங்குது.

"நான் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கலைங்க."

"தன்னடக்கம் பாரு"ன்னாரு பெரியவர். வண்டியே தலையாட்டுச்சு.

அடுத்த ஸ்டாப்புல இறங்கிட்டா. ஸ்கூலுக்கு வெயில்ல நடந்தே போனா, நடந்தே வந்தா. மார்க் ஷீட்டை மடிச்சு உள்ள வச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் வெளியவே போகல.

போகவும் முடியாது. ஜன்னலைத் தொறந்தா வண்டி கழுவறவங்க கையாட்டறாங்க. கதவைத் தொறந்தா பக்கத்து வீட்டு அக்கா நாக்கை நீட்டிக் காட்டி வெள்ளை படிஞ்சிருக்கான்னு கேக்குது. உள்ளயே இருந்தா அம்மா பழைய இயற்பியல் புத்தகத்தை அட்டை போட்டு மேசை மேல வச்சிருக்காங்க. ஜன்னல் சாத்தியே கிடந்ததால டீசல் வாசனை உள்ளயே உறைஞ்சு போச்சு. விசிறி அதையே சுத்திச் சுத்திக் குடுத்துச்சு. திட்டறவங்களை எதிர்த்து நிக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும், வாழ்நாள் பூரா அதைத்தான் பண்ணேன். வாழ்த்தறவங்களை எதிர்த்து எப்படிக் கோஷம் போடறது? அதுக்கு எந்தச் சங்கத்துலயும் பயிற்சி கிடையாது.

ஞாயித்துக்கிழமை சங்கத்தோட பொதுக்கூட்டம். ஷெட்டுல ரெண்டு வண்டிய வெளிய எடுத்துட்டு அந்த எடத்துல நாற்காலி போட்டிருந்தாங்க. எல்லாருமாச் சேர்ந்து டாக்டரம்மாவுக்குப் பரிசு வாங்கி வச்சிருந்தாங்க. என்னைக் குடுக்கச் சொன்னாங்க. பெட்டியத் தொறந்தேன். ஸ்டெதஸ்கோப். நல்ல உசத்தி ரகம், ரப்பர் வாசனை போகாதது.

எனக்கு அப்ப விஷயம் தெரியாது. ஆனா நூத்துக்கணக்குல பஞ்சாயத்துல உக்காந்தவன். எதிர்ல நிக்கறவன் கையெழுத்துப் போடறது மனசாரவா, மாட்டிக்கிட்டாங்கறதுக்காகவான்னு முகத்தைப் பார்த்தாத் தெரியும். அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தேன். என்னமோ இருக்குன்னு பட்டுச்சு. அதுக்குள்ள சைலன்சர் அதைப் பிடுங்கி அவ கழுத்துல மாட்டிட்டான்.

"முதல் நோயாளி நான்தான்! பேரு வச்சவன்! என் நெஞ்சு எப்படி இருக்கு, சொல்லுங்க டாக்டர்."

"நெஞ்சு இருந்தாத்தானே?"ன்னான் ராக்கெட்.

"மாமா, வேணாம்."

"அட வைம்மா. சும்மா வை."

வச்சா. அவனை அடுத்து ராக்கெட். ராக்கெட்டை அடுத்து வண்டி கழுவறவங்க. அப்புறம் புதுச் செயலாளர், சட்டை பட்டனைக் கழட்டிட்டு. பாக்க வரிசை நல்லாத்தான் இருந்துச்சு. வருஷக்கணக்கா ஸ்டியரிங் பிடிச்சவங்க, ராத்திரி பகல்னு பாக்காம உழைச்சவங்க, ஒவ்வொருத்தனும் குழந்தை மாதிரி வந்து நெஞ்சைக் காட்டி நிக்கறான். ஒருத்தன் கேலி பண்றான், அடுத்தவன் நிஜமாவே பயந்த மாதிரி, "சத்தம் வருதா?"ன்னு கேக்கறான்.

"வருது மாமா."

"ஒழுங்கா வருதா?"

"வருது."

அவ அம்மா முதல் வரிசையில. ஒவ்வொரு "வருது"க்கும் அவங்க உதடும் அசைஞ்சுது. அப்பா கடைசி வரிசையில, எழுந்து போகவும் முடியாம உக்காரவும் முடியாம, நாற்காலி முதுகைப் பிடிச்சுட்டு நின்னாரு. வரிசை முடியவேயில்ல. பார்த்து முடிச்சவன் திரும்பவும் கடைசியில போய் நின்னுக்கிட்டான்.

அன்னைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் அவ காதுல அத்தனை நெஞ்சும் அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம். ஸ்டெதஸ்கோப்பைப் பெட்டியில போட்டு மூடினா. அம்மா அந்தப் பெட்டிய எடுத்து இயற்பியல் புத்தகத்து மேல வச்சாங்க.

"எத்தனை பேரு நம்பி நெஞ்சைக் காட்டுனாங்க, பார்த்தே இல்ல?"

"பார்த்தேம்மா. அதனாலதான் சொல்றேன். ஒரு வருஷம் அத்தனை பேருக்கும் பொய் சொல்ல என்னால முடியாது. திரும்ப எழுதினாலும் அதே எடத்துல போய்த்தான் உக்காருவேன். தொண்ணூத்தாறு வாங்கியாகணும்னு உக்காந்தா எனக்குப் பேனா நகராது."

"நகரும். நகர வைக்கணும்."

"நாளைக்குக் கடைசி நாள்."

"கடைசி நாளா இருக்கட்டும்."

அம்மா படுத்துட்டாங்க. அப்பா மட்டும் வாசப்படியில உக்காந்து ரப்பர் செருப்போட வாரைத் தைச்சுட்டு இருந்தாரு. அவ செருப்பு. வெள்ளிக்கிழமை நடந்ததுல அறுந்திருந்துச்சு. தலை நிமிராமலே சொன்னாரு. "அம்மா நாளைக்கு முதல் வண்டி. உனக்கு ரெண்டாவது வண்டி இருக்கு."

"அம்மா வண்டியிலயே போறேம்ப்பா."

"எனக்கு இதுவும் தெரியாதுன்னு வச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு ஊசியில நூலைக் கோத்தாரு.

திங்கக்கிழமை காலையில நான் டைம்கீப்பர் ரூம் பெஞ்சுல இருந்தேன். வயசானா தூக்கம் வராது, டீ கிடைக்கற எடத்துல போய் உக்காந்துக்கணும். அந்தம்மா அப்பதான் டிக்கெட் பையை வாங்கிட்டு வண்டிப் பக்கம் போயிருந்தாங்க. இவ வந்தா. கக்கத்துல பெட்டி, கையில ஒரு ஃபைல்.

"மாமா, சாக்பீஸ் குடுங்க."

டைம்கீப்பர் மூக்குக் கண்ணாடிக்கு மேல பார்த்தாரு. "பலகை சங்கத்தோடதும்மா. யாரு வேணா எழுத முடியாது."

"வண்டி தாமதமா வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"முன்னாடி போட்டது மேல கோடு கிழிச்சுட்டு, பக்கத்துல நிஜ நேரத்தைப் போடுவேன்."

"அதைத்தான் பண்ணப் போறேன்."

அவரு என்னைப் பார்த்தாரு. நான் டீயைப் பார்த்தேன். இது அவங்க ரெண்டு பேரு வேலை. சாக்பீஸைக் குடுத்துட்டாரு.

அவ தொண்ணூத்தாறை அழிக்கல. மேல ஒரே ஒரு கோடு. பக்கத்துல 68. கீழ, "யுனிவர்சிட்டி, வேதியியல், இன்னைக்கு விண்ணப்பம்"னு எழுதினா. "வேதியியல்" மட்டும் மேடு பள்ளமா விழுந்துச்சு.

முதல் வண்டி கிளம்பற நேரம். ஆளுங்க வந்தாங்க, படிச்சாங்க. அன்னைக்குத்தான் சைலன்சர் பேருக்கேத்த மாதிரி இருந்தான். "நான் வச்ச பேரு"ன்னான். அவ்வளவுதான் வந்துச்சு.

ராக்கெட்தான் முதல்ல தேறினான். "மாட்டு டாக்டருக்கு அறுபத்தெட்டு போதுமே? மாடு என்ன மார்க் ஷீட்டா கேக்கப் போகுது?"

"பல் டாக்டர்?"னான் இன்னொருத்தன்.

"வேதியியல்லயே மேல மேல படிச்சா டாக்டர் பட்டம் குடுப்பாங்க"ன்னாரு டைம்கீப்பர். "அதுவும் டாக்டர்தான். கொஞ்சம் தாமதமா வர்ற வண்டி."

அவ பெட்டியப் புதுச் செயலாளர்கிட்ட நீட்டுனா. "இதை வாங்கிக்குங்க சித்தப்பா."

"குடுத்ததைத் திரும்ப வாங்கற பழக்கம் சங்கத்துக்கு இல்ல"ன்னாரு. திட்டியிருந்தா அவ நிமிர்ந்து நின்னிருப்பா. ஒருத்தனும் திட்டல. பேரையும் திரும்ப எடுத்துக்கல, பெட்டியையும் எடுத்துக்கல. ரெண்டையும் சுமந்துட்டே அவ வண்டியில ஏறினா. அந்த ஸ்டெதஸ்கோப் இப்ப சைலன்சர்கிட்ட இருக்கு, என்ஜின்ல எந்தப் பக்கம் இரையுதுன்னு கேக்கறதுக்கு. அது அவனுக்குப் போய்ச் சேர ரெண்டு வருஷம் ஆச்சு.

நானும் அதே வண்டியில ஏறினேன். எனக்கு ஆஸ்பத்திரியில பிரஷர் மாத்திரை வாங்கணும். ராக்கெட்தான் டிரைவர். ஏறி உக்காந்து கண்ணாடியத் திருப்பி, பின்னாடி கண்டக்டர் முகத்தைப் பார்த்தான். பலகைகிட்ட கூட்டத்தைப் பார்த்து அந்தம்மாவும் வந்து படிச்சுட்டுப் போயிருந்தாங்க. மணிக் கயித்தை இழுத்தாங்க. வண்டி கிளம்புச்சு.

அவ நடு வரிசையில ஜன்னல் ஓரம். பெட்டி மடியில. அந்தம்மா முன்பக்கத்துலருந்து டிக்கெட் போட்டுக்கிட்டே வராங்க. வழக்கமா ஒரு ஆளுக்கு ஒரு வார்த்தை பேசறவங்க, அன்னைக்கு எண்ணிப் பேசினாங்க. அவ சீட்டுக்கு வந்ததும் தாண்டிப் போயிடுவாங்கன்னு நினைச்சேன். நின்னாங்க.

"எங்க?"

வேற யாரையோ கேக்கற மாதிரி. அவ நிமிர்ந்து பார்த்தா.

"யுனிவர்சிட்டி."

"அது ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே வந்துடும்."

"தெரியும்மா."

"சில்லறை வச்சிருக்கியா?"

வெள்ளிக்கிழமை குழந்தையக் கவுத்துக் காட்டுன அம்மா அன்னைக்கும் வண்டியில இருந்துச்சு. அதுக்குப் பொறுக்கல. "ஏம்மா, பெத்த பொண்ணுக்கே டிக்கெட்டா? இது என்ன அநியாயம்?"

"டாக்டருக்குத்தான் இனாம்"னாங்க அவ அம்மா. "இது காலேஜ் பொண்ணு."

குத்திச் சொன்னாங்களா, ஒத்துக்கிட்டுச் சொன்னாங்களா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அவளைக் கேட்டேன், அவளுக்கும் தெரியலையாம். சில்லறையைக் குடுத்தா. அந்தம்மா டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்தாங்க. வியாழக்கிழமைக்கு அப்புறம் அவகிட்ட காசு வாங்கின முதல் ஆளு. அவ அந்தத் துண்டுக் காகிதத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா. அதுக்கப்புறம் மூணு வருஷம் அதே வண்டி, அதே சீட்டு, அதே கண்டக்டர். ஒரு நாள் கூட டிக்கெட் கேக்காம விட்டதில்ல. வீட்லயும் ரொம்ப நாள் அவ்வளவுதான் பேச்சு. எங்க, சில்லறை இருக்கா, சாப்பிட்டியா.

வண்டி வளைஞ்சு திரும்பினதும் அந்தம்மா படியில வந்து நின்னாங்க. தொண்டையைக் கனைச்சாங்க.

"யுனிவர்சிட்டி."

கத்தல. ஆனா முழுங்கவும் இல்ல. மொத்தப் பேரும் வெளிய வந்துச்சு. அவ இறங்கினா. பெட்டி, ஃபைல், தைச்ச செருப்பு. கேட்டுக்கு வெளிய ஏற்கெனவே காலை வெயில்ல ஒரு வரிசை நின்னுச்சு, அதுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டா. அங்க யாரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

மணி அடிச்சாங்க. வண்டி கிளம்புச்சு. அந்தம்மா படியிலயே நின்னு பின்னாடியே பார்த்துட்டு வந்தாங்க. அடுத்தது ஆஸ்பத்திரி. அன்னைக்கு அவங்க அதைக் கூவவேயில்ல. மணியும் அடிக்கல. ராக்கெட்டும் மணி வராம நிறுத்தல. இறங்க வேண்டியவங்க நாலஞ்சு பேரு சத்தம் போட்டாங்க. அதுக்குள்ள வண்டி ஆஸ்பத்திரி சுவத்தைத் தாண்டிப் பாலத்துக்கிட்ட போயிடுச்சு.

நான் சத்தம் போடல. அடுத்த ஸ்டாப்புல இறங்கி, வெயில்ல நடந்து திரும்பி வந்து மாத்திரை வாங்கிக்கிட்டேன்.